பட்டியலில் ஏறாத சாமான்கள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ‘சிலோன் பெட்டி’ என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். பச்சைப் பெயிண்ட் முக்கால்வாசி உரிந்துபோய்விட்டது. மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் பெயரும் குடும்ப அட்டை எண்ணும், அதற்குக் கீழே ‘மண்டபம் முகாம்’ என்றும் எழுதியிருக்கும். 1979இல் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நாங்கள் இந்தியாவுக்கு வந்தபோது நான்கு பெட்டிகள் கொண்டுவந்தோம். மிஞ்சியது இது ஒன்றுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெட்டிக்குள் ஒரு கொப்பித் தாள் மடித்துக் கிடக்கிறது. சுங்கத்தில் காட்டுவதற்காக அப்பா எழுதிய சாமான் பட்டியல். ‘பித்தளைக் குடம் 2, எவர்சில்வர் தட்டு 6, கம்பளி 5, ரேடியோ 1, குடை 2, தேங்காய் திருவலை 1, சாமிப் படம் 3, தோடு 1 சோடி, பழந்துணி மூட்டை 2...’ இப்படி 26 வரி. நான்கு தலைமுறையாகக் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த ஒரு குடும்பத்தின் சொத்து ஒரு பக்கத் தாளில் முடிந்துவிட்டது. தாளின் அடியில் இன்னும் இடம் மிச்சமிருக்கிறது.

மலையகத் தமிழர் நாடு மாற்றப்பட்டதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தலைகளைத்தான் எண்ணியிருக்கிறார்கள். எத்தனை லட்சம் பேர் இங்கே, எத்தனை லட்சம் பேர் அங்கே என்பதுதான் பேச்சு. அந்தத் தலைகள் எதைச் சுமந்து வந்தன, எதைச் சுமக்க விடவில்லை, எதை வேண்டாமென்று இறக்கி வைத்த பிறகும் அது எப்படிக் கூடவே வந்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அது பெரும்பாலும் தலித்துகளின் வரலாறு. நான் சாமானிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் போனது. அதற்குப் பிறகு 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்வதாக வைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பங்காளிகள் ஆட்டுப் பட்டியைப் பிரிக்கும்போது ஆட்டிடம் கேட்பதில்லை அல்லவா?

அந்த உடன்படிக்கையில் ஒரு பிரிவு சாமானைப் பற்றியது. இந்தியாவுக்குப் போகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் உடைமைகள் எல்லாவற்றையும் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு எடுத்துச்செல்லலாம். ஒரு குடும்பம் எடுத்துச்செல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு எந்தக் காரணத்தாலும் 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்கிறது அந்தப் பிரிவு. வாசித்தால் தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் ‘உடைமைகள் எல்லாவற்றையும்’ என்று எழுதியவர்கள் உடைமை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில் ஏழு பேர் குடியிருந்த எங்களுக்கு உடைமை என்பது என்ன?

காம்பிரா தோட்டத்துடையது. வாசலில் போட்ட காய்கறித் தோட்டத்தின் மண்ணும் தோட்டத்துடையது. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் தொழிலோடு வந்தவை, தொழிலோடு போகிறவை. எங்களுக்கென்று இருந்தவை ஒரு மாடு, அதன் கன்று, ஏழெட்டுக் கோழி, போட்டு வளர்த்த கொய்யா மரம், லயத்துக்கு மேலே தேயிலைக் காட்டு ஓரத்தில் புதைத்த எங்கள் ஆட்கள். இவற்றில் எதுவும் கப்பலில் ஏறாது.

வெறுங்கையோடு போனதும் ஒரு கணக்கின்படிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் ஆட்களைக் கங்காணிமார் கூட்டிப் போனபோது முதலில் தோணியில் கடல் தாண்டினார்கள். பிறகு மன்னார்ப் பக்கத்திலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிற்பாடு கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். போன செலவு, சாப்பாட்டுச் செலவு, கம்பளிக்கான செலவு எல்லாம் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடனைக் காட்டும் ‘துண்டு’ ஒன்று வேண்டும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆகவே எங்கள் பாட்டன்மார் கொண்டுபோன முதல் சாமான் ஒரு தகரத் துண்டு, சேர்த்த முதல் சொத்து ஒரு கடன்.

யார் இவர்கள்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணை அடிமைத்தனத்தாலும் துரத்தப்பட்டவர்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று பெரும்பகுதி நம் ஆட்கள். குடியானவர்களும் போனார்கள், பெரிய கங்காணிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்கள். தோட்டத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இருந்தது. கொடுக்கல் வாங்கலில் இருந்தது, கோயிலில் இருந்தது. ஆனால் கொழுந்துத் தராசுக்குச் சாதி தெரியாது. ஒரே பெரட்டுக் களம், ஒரே ‘பேர்’, ஒரே சம்பளம். தொழிற்சங்கத்தில் எங்கள் அப்பா தோட்டத் தலைவராக இருந்தார். குடியானவர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர் நின்று பேசினார். இதுவும் நாங்கள் அங்கே சேர்த்த சொத்துதான். இதையும் பட்டியலில் எழுத முடியாது.

போவதா இருப்பதா என்பதை நாங்களே தீர்மானித்தோம் என்று சொல்வதும் பாதிதான் உண்மை. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ‘அங்க நமக்கு ஊரு இருக்கு’ என்ற நினைப்பில் விண்ணப்பித்தவர்கள் பலர். பயந்து விண்ணப்பித்தவர்கள் அதைவிட அதிகம். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. மாவும் அரிசியும் கிடைக்காமல் ஆட்கள் செத்தார்கள். எங்கள் அம்மாவின் மூக்குத்தியும் அப்பாயியின் தண்டட்டியும் அந்த வருசம் அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. பட்டியலில் ‘தோடு 1 சோடி’ என்று ஒற்றை வரியாக நிற்பதற்கு அதுதான் காரணம். 1977 ஆகஸ்ட்டில் கலவரம் வந்தது. லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் உடுத்தின துணியோடு காட்டுக்குள் ஓடின. அவர்களில் பிறகு இந்தியாவுக்கு வந்தவர்களுக்குப் பட்டியல் எழுதத் தாளே தேவைப்படவில்லை.

எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அதன் பின்னாலேயே நாட்டை விட்டுப் போகச் சொல்லி நோட்டீசும் வந்தது. அத்தை குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தது. ஒரே லயத்தில் இரண்டாவது காம்பிராவும் மூன்றாவது காம்பிராவும் இரண்டு நாடாகிவிட்டன.

நோட்டீஸ் வந்த வீட்டுச் சாமானுக்கு விலை இல்லை. தேதிக்குள் போயே தீர வேண்டும் என்று வாங்க வருகிறவனுக்குத் தெரியும். மாட்டைப் பார்க்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை; அப்பாவின் கையிலிருந்த கடிதத்தைத்தான் பார்த்தான். கடைக்காரர் பழைய கடனுக்குப் பதிலாகக் கோழியையும் மர அலமாரியையும் எடுத்துக்கொண்டார். அப்பாவின் சேமலாப நிதி கைக்கு வரவில்லை. ‘நீங்க போங்க, பின்னால அனுப்புவாங்க’ என்றார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படித்தான் சொன்னார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்துப் பணத்துக்கு மனு எழுதியே பலர் கிழவர்களானார்கள்.

அப்பாயி அம்மியைக் கொண்டுவர வேண்டும் என்று நின்றது. “கல்லத் தூக்கிட்டா கப்பலேறுவாங்க?” என்று அப்பா சத்தம் போட்டார். கடைசியில் அம்மி அத்தைக்கு, குழவி எங்களுக்கு என்று முடிவானது. பட்டியலில் 19ஆவது வரி: ‘குழவிக்கல் 1’.

உண்மையான சண்டை தப்புக்காக நடந்தது. தாத்தாதான் எங்கள் தோட்டத்தில் தப்படித்தவர். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்ப அடிப்பார். மாசி மாதம் காமன் கூத்துக்கு அடிப்பார். சாவுக்கு அடிப்பார். பூவரசங் கட்டையில் கன்றுத்தோல் இழுத்துக் கட்டிய தப்பு. லயத்துச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். தாத்தா அதை எடுத்துக் கம்பளியில் சுற்றினார். அப்பா கம்பளியைப் பிரித்துத் தப்பை வெளியே எடுத்து வைத்தார்.

“அங்க போயும் இதையா அடிக்கப் போறீங்க? புது நாட்டுக்குப் போறோம். புது ஆளாப் போவோம்ப்பா.”

“இது என் கைச்சாமான்டா. தொரையா குடுத்தான், திருப்பிக் குடுக்க?”

“பேரு பதியறப்ப இது என்னன்னு கேப்பான். என்னன்னு எழுதட்டும்?”

தாத்தா பதில் பேசவில்லை. மறுநாள் அதை அத்தை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். அப்பா சொன்னதுதான் சரி என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அம்பேத்கரைப் படித்த பிறகு இன்னும் உறுதியாக நினைத்தேன். இழிவின் அடையாளத்தைத் தூக்கிச் சுமப்பானேன்? பிற்பாடு நம் இளைஞர்கள் பறையை விடுதலையின் இசை என்று மேடையேற்றியபோது தாத்தாவின் பக்கமும் யோசித்தேன். இன்றைக்கு இருவரில் ஒருவரைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தோட்டத்து ஆட்கள் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப் பிடித்து அழுகிற அழுகையில் கோச்சி ஊதுவது கேட்காது. அட்டனில் ஏறி, பொல்காவலையில் மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி, மூட்டை, குடம் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். அப்பா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

தலைமன்னார்த் துறையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ‘ராமானுஜம்’ கப்பல். 1914இல் தொடங்கிய இந்தக் கப்பல் வழி முன்பு தனுஷ்கோடிக்குப் போனது. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் புயலில், தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள்.

சோதனை மேசையில் ஓர் அதிகாரி பெட்டியைக் கவிழ்த்தார். ரேடியோவுக்கு ரசீது கேட்டார். ரசீது இல்லை. ரேடியோ மேசைக்குப் பின்னால் போய்விட்டது. குழவியை எடுத்து உருட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஏன்ம்மா, இந்தியாவுல கல்லு இல்லையா?” என்றார். அப்பாயி, “இருக்கும் சாமி, இது எங்க மாமியா அரைச்ச கல்லு” என்றது. தாத்தாவின் கம்பளியை உதறினார்கள். அதில் தப்பு இல்லை. அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பார்த்தாயா என்பதுபோல.

மண்டபம் முகாமில் இறங்கினோம். அந்த இடத்தின் கதையைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை அரசே நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே நிறுத்தி, அம்மை குத்தி, துணிமணிகளை மருந்துப் புகை போட்டு அனுப்பினார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளை அதே மண்ணில் வரிசையில் நிற்கவைத்துப் பேர் பதிந்தார்கள். சில நாள் தங்கவைத்து, ரயில் டிக்கெட்டும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்து, குடும்ப அட்டையில் போட்டிருந்த இடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் அட்டையில் ‘வியாபாரக் கடன்’ என்று இருந்தது.

பணக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1964இல் ஒப்பந்தம் எழுதியபோது 4,000 ரூபாய் என்றது இலங்கை ரூபாய். 1977 நவம்பரில் புதிய அரசு இலங்கை ரூபாயின் மதிப்பைக் கடுமையாக இறக்கியது. நாங்கள் வந்த நேரத்தில் ஓர் இலங்கை ரூபாய் ஏறத்தாழ அரை இந்திய ரூபாய்தான். கடைசி மாட்டை விற்ற காசும் கடல் நடுவில் பாதியாகிவிட்டது. தாளில் எழுதிய எண் மாறவில்லை, எண்ணுக்குள் இருந்த அரிசி குறைந்துவிட்டது.

அட்டையின்படி, பழைய திருச்சி மாவட்டத்தில் தாத்தாவின் அப்பா விட்டுப்போன ஊருக்கு வந்து சேர்ந்தோம். மாட்டு வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போதே கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் தாத்தாவிடம் கேட்டது ஒரே கேள்விதான். “யாரு மக்க நீங்க?” தாத்தா தன் அப்பன் பேரைச் சொன்னார். அடுத்த நிமிடம் வண்டிக்காரனுக்கு உத்தரவு வந்தது: “பெட்டிய இங்க எறக்காத. சேரிக்கு ஓட்டு.” பாஸ்போர்ட்டில் சாதி இல்லை. குடும்ப அட்டை கேட்ட விவரங்களில் சாதி எங்களுக்குப் பொருட்டாக இருந்ததில்லை. அப்பாவின் 26 வரிப் பட்டியலிலும் அது இல்லை. ஆனால் எங்கள் சாமான்களில் அது ஒன்றுதான் உடையாமல், தொலையாமல், விலை குறையாமல் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். எங்கள் இருவருக்கும் தட்டியில் செருகியிருந்த கிளாசை எடுத்துக் கழுவிக் குடிக்கச் சொன்னார்கள். அப்பா கிளாசை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “தேயிலையத் தொட்ட கை நம்ம கை. டீயத் தொடக்கூடாதாம்.”

வியாபாரக் கடன் தவணை தவணையாக வந்தது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பொருள் தேயிலை. ரோட்டோரம் ஒரு டீக்கடை போட்டார். எங்கள் தெரு ஆட்கள் வந்தார்கள், கடனுக்குக் குடித்தார்கள். குடியானத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வியாபாரத்துக்குக் கடன் கொடுத்த அரசுக்கு, வியாபாரத்துக்கு முதலைவிட முக்கியமாக வேண்டியது நம் கையில் வாங்கிக் குடிக்கிற ஆள் என்பது தெரியவில்லை. வியாபாரக் கடன் வாங்கி நொடித்துப்போன தாயகம் திரும்பியோரைப் பற்றிப் பேசுகிறவர்கள், ‘அவர்களுக்கு வியாபார அனுபவம் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். அனுபவம் இல்லைதான். ஆனால் அனுபவம் இருந்திருந்தாலும் எங்கள் டீயை யார் குடித்திருப்பார்கள்?

மூன்றாவது மாதம் ஊருக்குள் ஒரு சாவு விழுந்தது. ஆள் வந்தது. “உங்க பாட்டன் அடிச்ச வீடு. இத்தன வருசமா பங்காளிகதான் அடிச்சானுங்க. நீங்க வந்துட்டீங்க, வந்து மொறைய எடுத்துக்குங்க” என்று சொல்லி ஒரு பறையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா வேண்டாமென்று விட்டு வந்த சாமான் எங்களுக்கு முன்னாலேயே வந்து நூறு வருசமாகக் காத்திருந்தது.

அப்பா எழுவதற்குள் தாத்தா எழுந்தார். நான் நினைத்தேன், எடுத்து அடிக்கப்போகிறார் என்று. அவர் அதைத் தொடவில்லை. வந்தவரிடம் சொன்னார்: “தோட்டத்துல நான் அடிச்சேன். பெரட்டுக்கு அடிச்சா எனக்குப் பேரு போட்டான், சம்பளம் வந்துச்சு. காமனுக்கு அடிச்சது எங்க சாமிக்கு. சாவுக்கு அடிச்சது எங்க ஆளுக்கு, கூட அழுதுகிட்டு அடிச்சேன். இது அதில்ல. இத எடுத்துட்டுப் போங்க.”

அதனால்தான் தப்பைக் கொண்டுவரலாமா கூடாதா என்ற சண்டையில் யார் பக்கமும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இருவரும் மறுத்தது ஒன்றையேதான். அப்பா தோலையும் கட்டையையும் விட்டுவிட்டால் அடிமைத்தனம் விட்டுப்போகும் என்று நம்பினார். அடிமைத்தனம் தோலில் இல்லை, அடி என்று சொல்கிற வாயில் இருக்கிறது என்று தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வயல் வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. கடையில் கடன் நின்றது. கிணற்றுப் பாதையில் முள் போட்டார்கள். 1980இல் நான்கு பெட்டிகளையும் கட்டிக்கொண்டு நீலகிரிக்கு ஏறினோம். கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. அப்பாயி குழவிக்கு ஓர் அம்மி தேடி வாங்கியது. குழவி பெரிது, அம்மி சிறிது. கடைசி வரை ஒட்டவில்லை. இலங்கையில் எங்களுக்குத் ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்று பேர். இங்கே ‘சிலோன்காரன்’.

எங்களைப்போல மலையேறியவர்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அரசே இவர்களுக்காகத் தோட்டங்கள் போட்டது. 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பிறகு ‘டான்டீ’ ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் நம் ஆட்கள். கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்கள், கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர், அந்தமான் நிக்கோபாரின் கச்சால் தீவு என்று ரப்பர் இருந்த இடத்துக்கெல்லாம் அனுப்பப்பட்டார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைதாரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. ஊரில் நிலமும் உறவும் இருந்தவர்கள் ஊரோடு கலந்தார்கள். நிலமில்லாதவர்கள், பெரும்பாலும் தலித்துகள், எங்கிருந்து வந்தார்களோ அதே மாதிரி லயத்துக்கே போனார்கள். கடல் மாறியது, காம்பிரா மாறவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்தபோது எனக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஓர் அலுவலகத்தில் அப்பாவும் நானும் நின்றோம். “பையன் பொறந்தது சிலோன்ல. இவனுக்கு இங்க என்ன சாதி? பூர்வீக ஊர்ல தாத்தாவுக்குப் பட்டா இருந்தா கொண்டா” என்றார் அங்கிருந்தவர். வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஊருக்குத் தெரிந்த எங்கள் சாதி, அரசுக்கு மட்டும் தெரியவில்லை. பட்டா இல்லாமல் செய்ததே அந்தச் சாதிதான். அதை நிரூபிக்கப் பட்டா கேட்டார்கள். தாழ்த்துவதற்கு வேண்டிய சாதிக்குச் சாட்சி தேவையில்லை. படிப்பதற்கு வேண்டிய சாதிக்கு மூன்று தலைமுறைக் காகிதம் வேண்டும்.

அப்பா அந்த ஊருக்கே திரும்பிப் போனார். அதே பெரியவரிடம் போய் நின்றார். அவர் கிராம அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னாராம்: “எங்க ஊருப் பறையந்தான். பற அடிக்க மாட்டேன்னு திமிராப் போனவன்.” அதுவே விசாரணை அறிக்கையாகி எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அப்பா அந்தச் சான்றிதழையும் சிலோன் பெட்டியில்தான் வைத்தார்.

1984இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் வர முடியாமல் அங்கேயே நின்றுபோனவர்கள் ஏராளம். கட்டி வைத்த பெட்டியை வருசக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருந்த வீடுகள் இருந்தன என்று அத்தை கடிதம் எழுதியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது.

இந்த வரலாறு முடிந்துபோனது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் தமிழக அரசு டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டது. ஓய்வு பெற்ற தொழிலாளர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற பயம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. தலைமன்னாரில் பெட்டியோடு கப்பலேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மறுபடியும் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். காம்பிரா அன்றைக்கும் தோட்டத்துடையது, இன்றைக்கும் தோட்டத்துடையது. குடியிருக்கும் மண் சொந்தமாகாதவரை எந்த நாட்டுக் குடியுரிமையும் பாதிக் குடியுரிமைதான்.

2023இல் மலையகத் தமிழர் வரலாற்றின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பல நூறு பேர் நடந்தார்கள். போன வழியை நடந்து காட்டினார்கள். வந்த வழியை யார் எழுதப் போகிறார்கள்? தாயகம் திரும்பியோர் என்ற அரசாங்கச் சொல்லுக்குள் எங்களை மூடி வைத்திருக்கிறார்கள். தாயகம் எங்களை எந்தத் தெருவில் இறக்கியது என்று அந்தச் சொல்லில் இல்லை.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீலகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானலிலும் கன்னியாகுமரியிலும் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கட்டிய கைகளில் பல போய்விட்டன. மிச்சமிருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். என்ன கொண்டுவந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதை விற்றீர்கள், என்ன விலைக்கு, யாருக்கு, எதைப் பிடுங்கினார்கள், எதை விட்டு வந்தீர்கள், யார் வீட்டில், இறங்கின ஊரில் முதல் கேள்வி என்ன கேட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஒப்பந்தம் எழுதியவர்களின் தாள் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஆட்களின் பட்டியல்கள் கரையான் தின்பதற்கு முன்னால் அச்சேற வேண்டும்.

தாத்தா 1988இல் கோத்தகிரி லயத்தில் இறந்தார். பக்கத்து லயங்களிலிருந்து சிலோன்காரர்கள் தப்பெடுத்து வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூலி கேட்கவில்லை. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருவரிடமிருந்து தப்பை வாங்கிக் கொஞ்ச நேரம் அவரும் அடித்தார்.